திரும்பிய காது

உட்காருங்கள். பிள்ளைகள் முன்னால் வாருங்கள், பெரியவர்கள் பின்னால் போங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து போனால் எனக்குக் கோபம் வரும், கதையும் கோபித்துக்கொள்ளும்.

அரசர்கள் தாங்களே தெருவில் இறங்கி வழக்குக் கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில் கடம்பமாநகர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஆதிச்சன் என்று ஒரு மரச்சிற்பி.

ஆதிச்சன் செதுக்கிய கிளியைப் பிடிக்கப் பூனை பதுங்கியது என்று ஊரில் சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை. பூனைக்கு மூளை உண்டு. ஆனால் அந்தக் கிளியைப் பார்க்க மனிதர்கள் மூன்று ஊர் தாண்டி வந்தார்கள் என்பது உண்மை. உளி பிடித்தவர்களில் அவனுக்கு நிகர் அந்தச் சீமையிலேயே இல்லை. அது அவனுக்கும் தெரியும். தெரிந்ததை அவன் ஒருநாளும் மறைத்ததில்லை.

அந்த ஊர் ஆசாரிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வேலையை முடித்தாலும், யார் கண்ணிலும் படாத ஓரிடத்தில் ஒரு சின்னக் குறையை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். கதவின் அடியில் இழைக்காமல் ஒரு விரற்கடை விடுவார்கள். தூணின் பின்புறம் ஓர் உளித் தழும்பை விடுவார்கள். பிள்ளையின் கன்னத்தில் மை வைக்கிறோமே, அந்த மாதிரி. இதற்குத் 'திருஷ்டிக்கு விடுவது' என்று பேர்.

நல்ல வழக்கம்தான். ஆதிச்சனிடம் அகப்பட்டு அது கெட்டுப்போனது. எப்படி என்று சொல்கிறேன்.

உப்பு வணிகர் வீட்டுக்கு அவன் தலைவாசல் கதவு செய்தான். நடுவில் திருமகள், இரண்டு பக்கமும் நீர் சொரியும் யானைகள். வணிகரின் மனைவி உமையாள் ஆச்சி கதவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஊரே கூடி நிற்கும்போது கேட்டாள்.

"ஆசாரி, இந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையா இருக்கே?"

குட்டையாகத்தான் இருந்தது. பலகையின் ஓரத்தில் இடம் போதாமல் அளவு தப்பிவிட்டது. அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சில் சுருக்கென்றது. 'ஆமாம் ஆச்சி, தப்பிடுச்சு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தது வேறு.

"அது திருஷ்டிக்கு விட்டது ஆச்சி."

ஆச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. தன் வீட்டுக் கதவுக்குக் கண் பட்டுவிடும் என்று ஆசாரியே பயந்தாரே, அவளுக்கு வேறு என்ன வேண்டும்? வந்தவர்களுக்கெல்லாம் முதலில் அந்தத் தும்பிக்கையைத்தான் காட்டினாள்.

அடுத்து, பிள்ளைப்பேறு பார்க்கும் சாத்தி என்ற கிழவி தன் பேத்திக்கு ஒரு தொட்டில் கேட்டாள். சுற்றிலும் அன்னங்கள் நீந்தும், கால் வைத்த அழகான தொட்டில். ஆட்டிப் பார்த்தால் ஒரு பக்கமாக இழுத்தது.

"என்ன ஆசாரி, இழுக்குதே?"

"அது திருஷ்டிக்கு விட்டது."

"இழுக்குறதுமா?"

"இழுக்குறதும்தான்."

சாத்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் தொட்டிலை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்து, அம்மன் கோயில் மண்டபத்துக்கு ஒரு மரத்தூண். தூணில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். பூசாரி அவள் காலில் பூ வைக்கக் குனிந்தவர் குனிந்தபடியே விரல்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஆதிச்சா, ஆறு இருக்குப்பா."

"திருஷ்டிக்கு விட்டது சாமி" என்றான் ஆதிச்சன். இந்த முறை நெஞ்சில் சுருக்கென்று எதுவும் இல்லை. கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊர்ப் பெண்கள் அந்த ஆறாம் விரலுக்குக் குங்குமம் வைக்கத் தொடங்கினார்கள். பிள்ளைக்குக் கண் பட்டால், அந்த விரலைத் தொட்டுக் குங்குமத்தை நெற்றியில் இட்டால் சரியாகிவிடுமாம். கணக்குத் தப்பிய ஒரு விரல் கடவுளாகிவிட்டது. ஆதிச்சன் அந்தப் பக்கம் போகும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பான்.

இப்படியே ஊரில் யார் என்ன குறை சொன்னாலும் அவனிடம் ஒரே பதில்தான். சொல்லிச் சொல்லி, ஊரே அவனை முந்திக்கொண்டு அதைச் சொல்லக் கற்றுக்கொண்டது. கோணலாக எதைப் பார்த்தாலும், "ஆதிச்சன் திருஷ்டிக்கு விட்டிருப்பான்" என்று சிரிப்பார்கள். அவன் மனைவி நல்லமங்கைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உளி தீட்டிக் கொடுக்கிறவள் அவள். எந்த உளி எந்த இடத்தில் நழுவியது என்று அவளுக்குத் தெரியாதா?

அந்த நேரத்தில்தான் அரசர் அம்மனுக்குப் புதுத் தேர் செய்ய உத்தரவு போட்டார். தேருக்கு முன்னால் பாய்ந்து வரும் நான்கு மரக்குதிரைகள் ஆதிச்சன் பொறுப்பு.

ஆதிச்சனைப் பற்றி இதுவரை குறையாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். இனி நிறையைச் சொல்ல வேண்டும், கவனமாகக் கேளுங்கள்.

அவன் உடனே மரத்தில் கை வைக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அரசர் சாலை ஓரத்தில் போய் உட்கார்ந்தான். தேர்களும் வண்டிகளும் போவதைப் பார்த்தான். மூக்கை மட்டும் பார்த்த நாட்கள் உண்டு. குளம்பை மட்டும் பார்த்த நாட்கள் உண்டு. அப்படிப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. நன்றாகப் பழகிய குதிரை ஓடும்போது அதன் கண் பாதையில் இருக்கிறது, மூச்சு காற்றில் இருக்கிறது, ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியிருக்கிறது. ஏன்? பின்னால் தேரோட்டி பேசுகிறான். அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று குதிரை ஓடிக்கொண்டே கேட்கிறது.

ஆதிச்சன் எழுந்து வீட்டுக்கு ஓடினான்.

மூன்று குதிரைகளுக்குக் காதுகளை முன்னால் வைத்தான். முதல் குதிரைக்கு மட்டும் ஒரு காதை முன்னாலும் ஒரு காதைப் பின்னாலும் வைத்தான். அந்தக் காதைச் செதுக்கும்போது அவன் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. முடித்துவிட்டு உளியைக் கீழே வைத்தான். பார்த்தான். மரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷ வேலையில் தன்னால் இவ்வளவு முடியும் என்று அவனே நினைத்ததில்லை.

குதிரைகளைப் பார்க்க அரசர் வந்தார், மந்திரி வந்தார், ஊர் வந்தது. ஆதிச்சன் துணியை விலக்கினான்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கூட்டத்தில் யாரோ, "ஒரு காது திரும்பிக்கிச்சு டோய்" என்றார்கள். இன்னொரு குரல், "வேற என்ன, திருஷ்டிக்கு விட்டிருப்பாரு" என்றது. அவ்வளவுதான். பந்தல் அதிரச் சிரித்தார்கள்.

ஆதிச்சனுக்கு முகத்தில் அறை வாங்கியது போல இருந்தது. அது குறை இல்லை, குதிரை தேரோட்டியின் குரலைக் கேட்கிறது என்று விளக்கினான். மந்திரி கெட்டிக்காரர். லாயத்திலிருந்து உயிருள்ள குதிரை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். குதிரை வந்தது. அவ்வளவு கூட்டத்தை அது பார்த்ததே இல்லை. இரண்டு காதையும் முன்னால் நீட்டிக்கொண்டு எல்லாரையும் முறைத்துப் பார்த்தது. குதிரைக்காரன் பின்னாலிருந்து ஒரு குரல் கொடுத்தான். புல் கொண்டுவந்திருக்கிறானோ என்று அது உடம்போடு திரும்பி நின்றது.

"இதுக்கு மட்டும் திருஷ்டிக்கு விட மறந்துட்டாங்க போலிருக்கு" என்றான் ஒருவன். மறுபடியும் சிரிப்பு.

அரசர் சிரிக்கவில்லை. அவருக்கு ஆதிச்சனைப் பிடிக்கும். அவனைக் காப்பாற்ற ஒரு வழி சொன்னார்.

"ஆசாரி, திருஷ்டிக்கு விட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடும். அம்மன் தேர்ல திருஷ்டிக்குன்னு ஒரு குறை இருந்துட்டுப் போகட்டும். காது அப்படியே இருக்கும். நான் பொறுப்பு."

எத்தனையோ முறை அவன் வாய் தானாகச் சொன்ன வார்த்தைதானே? இன்று சொன்னால் காது பிழைத்துவிடும். ஆதிச்சன் வாயைத் திறந்தான். முதல் குதிரையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"முடியாது அரசே. திருஷ்டிக்கு விட்டதுன்னு சொன்னா, இது குறைன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகும். இது குறை இல்லை. என் கையால நான் செஞ்சதுலயே நல்லது இதுதான்."

அரசர் அவன் பக்கம் நகர்ந்து வந்தார்.

"ஆசாரி, நீர் இதுவரைக்கும் ஒரு தப்பும் செஞ்சதில்லை. குட்டைத் தும்பிக்கை தப்பில்லை. இழுக்குற தொட்டில் தப்பில்லை. ஆறாம் விரல் தப்பில்லை. தப்பே செய்யாத ஆள் ஒண்ணைக் காட்டிச் சரின்னு சொன்னா, அதை நான் எதை வச்சு நம்புறது?"

ஆதிச்சன் முதல் குதிரையின் காதைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"தேர்நாளுக்கு முந்தின நாள் திரும்பி வருவேன். நான் நம்புறதுக்கு ஒரு வழி சொல்லும். இல்லேன்னா அந்தக் காதை அறுத்து நேரா வைக்கணும். நீர் அறுக்கலேன்னா வேற கை அறுக்கும்" என்று சொல்லிவிட்டு அரசர் போய்விட்டார்.

ஆதிச்சன் வீட்டுக்கு வந்து மேல்துண்டை உதறி எறிந்தான். "இந்த ஊருக்குக் கண்ணே இல்லை" என்றான்.

நல்லமங்கை உளி தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"ஏன் இல்லை? தும்பிக்கையை ஆச்சி கண்டுபிடிச்சாங்க. தொட்டில் இழுக்குறதைச் சாத்தியக்கா கண்டுபிடிச்சாங்க. விரலைப் பூசாரி எண்ணினாரு. ஊருக்கு நல்லாத்தான் கண்ணு இருக்கு. அன்னைக்கெல்லாம் குறையே இல்லேன்னு சொன்னது நீங்க."

"அதுக்கு நான் இப்போ என்ன செய்யணும்? தெருத்தெருவாப் போய்த் தலைகுனிஞ்சு நிக்கணுமா? ஆதிச்சன் நிக்க மாட்டான்."

"அப்போ காதை அறுத்துக் கொடுங்க. உளி தீட்டித்தான் வச்சிருக்கேன்" என்று சொல்லி உளியை அவன் பக்கம் தள்ளினாள்.

பொல்லாத பெண். ஆனால் அவள் தள்ளிய உளியை ஆதிச்சனால் தொட முடியவில்லை. அன்று முழுக்க முதல் குதிரையின் முன்னால் உட்கார்ந்திருந்தான். தும்பிக்கையையும் தொட்டிலையும் விரலையும் காப்பாற்றப் பொய் சொன்னான். அந்தப் பொய் இப்போது அவனுடைய ஒரே உண்மையின் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறது. யோசிக்க யோசிக்க அவனுக்கு ரோஷம் பொங்கியது. ஊர்மேல் இல்லை, தன்மேல். இப்படி ஒரு காதைச் செதுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு குட்டைத் தும்பிக்கையை ஒத்துக்கொள்ளப் பயமா?

மறுநாள் தெருவில் ஆள் நடமாட்டம் அதிகமாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் புறப்பட்டான். ஊர் முன்னால் சொன்ன பொய்யை ஊர் முன்னால்தானே எடுக்க வேண்டும்?

முதலில் உப்பு வணிகர் வீடு. "ஆச்சி, இந்தத் தும்பிக்கை திருஷ்டிக்கு விட்டதில்லை. அளவு தப்பிடுச்சு. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

உமையாள் ஆச்சிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேனே ஆசாரி, என்னைப் பைத்தியக்காரியாக்கிட்டீரே" என்று வாசலில் நின்று திட்டினாள். ஆதிச்சன் அவள் திட்டி முடிக்கும்வரை நின்றான். வேறு பலகை போட்டுத் தருகிறேன் என்றான். "ஒண்ணும் வேண்டாம், போம்" என்று ஆச்சி கதவைச் சாத்தினாள். சாத்தியபோது குட்டைத் தும்பிக்கை அவன் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

அடுத்து சாத்தி வீடு. அவன் பாதி சொல்லும்போதே அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அன்னைக்கே தெரியும். காலுக்கடியில ஓட்டாஞ்சில்லு வச்சுத்தான் ஆட்டுறேன்" என்றாள். ஆதிச்சன் தரையில் உட்கார்ந்து தொட்டில் காலை இழைத்துச் சரிசெய்தான். பேத்தி உள்ளே தூங்கிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது கோயில் மண்டபம். இதுதான் கஷ்டமாகிவிட்டது. ஆறாம் விரலுக்கு முன்னால் பிள்ளைகளோடு தாய்மார்கள் வரிசையாக நின்றார்கள். ஆதிச்சன் தூண் பக்கத்தில் போய் நின்று குரலை உயர்த்திச் சொன்னான்.

"அம்மா, இந்த விரல் சாமி இல்லை. என் எண்ணிக்கை தப்பினது. அனுமதி கொடுத்தா இப்பவே செதுக்கி எடுத்துடுறேன்."

பெண்கள் நம்பவில்லை. ஆசாரிக்குக் கண் பட்டுப் புத்தி தடுமாறிவிட்டது என்றார்கள். ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு குறுக்கே வந்து நின்றாள். "விரலை எடுத்தா என் பிள்ளைக்கு யார் காவல்?" என்றாள். இன்னொருத்தி பாவமே என்று அந்த விரல் குங்குமத்தையே எடுத்து அவன் நெற்றியில் இட்டுவிட்டாள். பொய்யை நம்பியவர்கள் உண்மையை நம்ப மறுத்தார்கள். ஆதிச்சன் என்ன செய்வான்? இன்னொரு முறை உரக்கச் சொல்லிவிட்டுக் குங்குமத்தோடு வீட்டுக்கு வந்தான். அந்த விரல் பிறகும் அங்கேயேதான் இருந்தது.

மாலைக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆதிச்சனின் பெயர் அன்றைக்குக் கொஞ்சம் மங்கியது, நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் அன்று அவன் நன்றாகச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு நான்கு குதிரைகளையும், வேறு யாரோ செய்த வேலையைப் பார்ப்பது போல, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

தேர்நாளுக்கு முந்தின நாள் அரசர் வந்தார். மந்திரியும் ஊரும் பின்னால் வந்தார்கள். இந்த முறை அரசர் வாய் திறக்கும் முன் ஆதிச்சன் முன்னால் வந்தான். தலை நிமிர்ந்துதான் வந்தான்.

"அரசே, முதல்ல இங்கே பாருங்க. மூணாவது குதிரைக்குப் பின்னங்கால் கனமாயிடுச்சு. இன்னும் செதுக்கணும். மரம் பிளந்துடுமோன்னு பயந்து பாதியில விட்டுட்டேன். இது குறை. திருஷ்டிக்கு விட்டதில்லை, என் கை விட்டது. இன்னைக்குள்ள சரிபண்ணிடுவேன்."

அரசர் குனிந்து பார்த்தார். மந்திரி குனிந்து பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. அன்று அவ்வளவு பேர் வந்து, அவ்வளவு நேரம் நின்று, அவ்வளவு சிரித்தும் அந்தக் காலை ஒருவரும் பார்க்கவில்லை.

அரசர் நிமிர்ந்தார். "வேற என்ன குறை இருக்கு?"

"இரண்டாவது குதிரைக்குப் பிடரி மயிர் ஒரே மாதிரி போயிடுச்சு. காத்துல பறக்கிற மாதிரி இல்லை. இனிமே அதை மாத்த முடியாது. அடுத்த வேலையில கவனிச்சுக்குவேன்."

"காது?"

"காது சரி."

விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சாலையோரம் உட்கார்ந்த கதையைச் சொல்லவில்லை. இன்னொரு குதிரையைக் கொண்டுவாருங்கள் என்றும் கேட்கவில்லை. கையைக் கட்டாமல், குரலை உயர்த்தாமல் நின்றான். அந்த நிற்பைப் பார்த்த யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"காது இருக்கட்டும்" என்றார் அரசர்.

மந்திரி அவர் காதோரம் மெதுவாக, "வெறும் வாய்ச்சொல்லை நம்பலாமா?" என்றார்.

"யாரும் பார்க்காத காலை அவரே காட்டினாரே. எல்லாரும் பார்த்த காதுல எதுக்குப் பொய் சொல்லப்போறார்?" என்று அரசர் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

ஆதிச்சன் அன்று மூன்றாவது குதிரையின் காலை மெலிதாக்கினான். மரம் பிளக்கவில்லை.

மறுநாள் தேர் புறப்பட்டது. மேளம் முழங்க, வடம் இழுபட, நான்கு குதிரைகளும் கூட்டத்துக்கு மேலே பாய்ந்து வந்தன. மூன்று குதிரைகள் வெறுமனே ஓடின. முதல் குதிரை மட்டும், பின்னால் கடிவாளம் பிடித்திருந்த சாரதிப் பொம்மையின் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓடியது. ஆதிச்சன் கூட்டத்தில் ஒருவனாக வடம் பிடித்திருந்தான்.

வெளியூர்க்காரர் ஒருவர் தேரை அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் மோர் விற்ற பெண்ணிடம், "என்னம்மா இது, அந்தக் குதிரைக்குக் காதைத் தப்பா வச்சுட்டாரே உங்க ஊர் ஆசாரி?" என்று கேட்டார்.

அவள் குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"தப்பா இருந்தா எங்க ஆசாரியே சொல்லியிருப்பாரு."

ஆதிச்சன் காதில் அது விழுந்தது. அவன் எத்தனையோ பட்டும் பரிசும் வாங்கியவன். அவை எதற்கும் நிமிராத அளவுக்கு அவன் நெஞ்சு அன்று நிமிர்ந்தது. வடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்து இழுத்தான்.

கேட்டவர்களே, போகும்போது இதை எடுத்துக்கொண்டு போங்கள்: தன் வேலையில் உள்ள குறையைக் குறை என்று தானே சொல்லத் துணிந்தவன், நிறையை நிறை என்று சொல்லும்போதுதான் ஊர் நம்பும்.